ஏழாம் கட்டத்தில் ஒரு சுரம்

1783 மார்ச் 23 அன்று வியன்னாவின் பூர்க் அரங்கில் மோட்சார்ட் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு கச்சேரி வைத்தார். பேரரசர் இரண்டாம் யோசேப்பே வந்திருந்த கச்சேரி அது. தொடக்கத்தில் ‘ஹாஃப்னர்’ சிம்பொனியின் முற்பகுதிகளை வாசித்தார்கள். பிறகு ஓபராப் பாடல்கள், பியானோ கான்செர்ட்டோ, மோட்சார்ட்டின் தனி வாசிப்பு, மறுபடியும் பாடல் என்று நிகழ்ச்சி நீண்டது. எல்லாம் ஆனபின், மங்களம் பாடி முடிப்பதுபோல, நிறுத்தி வைத்திருந்த அதே சிம்பொனியின் கடைசிப் பகுதியை எடுத்து வாசித்துக் கச்சேரியை முடித்தார்கள். இப்படித் துண்டாடியதைப் பற்றி மோட்சார்ட்டுக்கு எந்த மனக்குறையும் இல்லை. தந்தைக்கு எழுதிய கடிதத்தில் நிகழ்ச்சி வரிசையை மகிழ்ச்சியோடுதான் சொல்லிக்கொண்டு போகிறார். அன்றைய வழக்கம் அது. கச்சேரி ஒரு படமென்றால் சிம்பொனி அதன் சட்டம். மக்கள் பார்க்க வந்த படம் நடுவில் இருந்தது: பாடகியின் குரலும் பியானோ மேதையின் விரலும். பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அடக்கி உட்காரவைக்கச் சிம்பொனியின் முன்பாதி, எழுந்து வீட்டுக்குப் போகிறவர்களை வழியனுப்ப அதன் பின்பாதி.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1806இல், அதே வியன்னாவில் ஒரு சிம்பொனி அச்சாகி வெளிவந்தது. முதல் வயலின்காரர்களுக்கான பிரதியில் இத்தாலிய மொழியில் ஒரு குறிப்பு இருந்தது. இந்தச் சிம்பொனி வழக்கத்தைவிட வேண்டுமென்றே நீளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இதைக் கச்சேரியின் இறுதியில் வைக்காமல் தொடக்கத்துக்கு அருகில், ஓர் ஓவர்ச்சர், ஒரு பாடல், ஒரு கான்செர்ட்டோவுக்குப் பிறகு வைக்க வேண்டும். கேட்பவர்கள் களைத்துப்போன பிறகு வாசித்தால் நினைத்த விளைவு கிடைக்காது என்பது அதன் சாரம். பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி, ‘எரோய்கா’, அதாவது வீரச் சிம்பொனி, என்று உலகம் அழைப்பது. சட்டமாக இருந்த ஒன்று தானே படமாகிவிட்டது. அதற்கு ஏற்றாற்போல மற்றவை இடம் மாற வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சிறு குறிப்பு சொல்கிறது. ‘வேண்டுமென்றே’ என்ற ஒரு சொல்லில் என் கட்டுரையே அடங்கியிருக்கிறது. நீளம் தவறிப்போய் வந்ததல்ல. எதற்காக வந்தது என்பதுதான் கேள்வி.

பீத்தோவன் சிம்பொனியைப் பெரிதாக்கினார் என்பது எல்லாப் பாடநூலிலும் இருக்கும் பதில். பொய்யில்லை, ஆனால் அது எதையும் விளக்கவில்லை. கருவிகளை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஹைடன் லண்டனுக்காக எழுதிய கடைசிச் சிம்பொனியில் இரண்டு புல்லாங்குழல், இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு பஸூன், இரண்டு ஹார்ன், இரண்டு டிரம்பெட், டிம்பனி முரசுகள், வில்வாத்தியங்கள். எரோய்காவில் இவை அத்தனையும் அப்படியே இருக்கின்றன. கூடுதலாக வந்தது ஒரே ஒரு ஹார்ன். இரண்டு மூன்றானது, அவ்வளவுதான். முதன்முதலில் 1804இல் இது லோப்கோவிட்ஸ் இளவரசரின் அரண்மனைக் கூடத்தில், சிறியதோர் இசைக்குழுவால் வாசிக்கப்பட்டது. ஆக, ஆள்பலத்தாலோ அரங்கின் அளவாலோ இந்த இசை பெரிதாகவில்லை. மோட்சார்ட்டின் ‘ஜூப்பிட்டர்’ சிம்பொனியின் முதல் பகுதி முந்நூற்றுச் சொச்சம் தாளக் கட்டங்களில் முடிந்துவிடும். எரோய்காவின் முதல் பகுதி 691 கட்டங்கள். எரோய்காவில் ஒரு கட்டத்துக்கு மூன்று எண்ணிக்கைதான், அதுவும் விரைவான மூன்று. ஆகவே வெறும் கட்டங்களை எண்ணி ஒப்பிடுவது நியாயமில்லை என்று யாரும் சொல்லலாம். சரிதான். கடிகாரத்தை வைத்துப் பார்த்தாலும் முதல் பகுதி மட்டும் கால் மணி நேரத்துக்குக் குறையாது. முழுச் சிம்பொனி ஏறத்தாழ ஐம்பது நிமிடம். அதே கருவிகள், ஏறக்குறைய இருமடங்கு காலம். வளர்ச்சி உள்ளேயிருந்து வந்திருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன், அந்த வடிவத்தின் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் கச்சேரியில் தம்புரா ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் நிற்கிறது. பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் வீடு அங்கேயே ஒலித்துக்கொண்டிருக்கும். மேல்நாட்டுச் சிம்பொனியில் தம்புரா கிடையாது. வீடே பெயர்ந்து போகும். எந்தச் சுரம் ஆதாரமாக இருந்ததோ அதைவிட்டு இன்னொன்றை ஆதாரமாக்கிக்கொண்டு, அங்கிருந்து வேறொன்றுக்குப் போய், கடைசியில் பழைய ஆதாரத்துக்குத் திரும்பிவருவதுதான் அதன் கதை. ஹைடனும் மோட்சார்ட்டும் செம்மைப்படுத்திய சொனாட்டா வடிவம் இந்தப் பயணத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்திருந்தது. முதலில் முன்வைப்பு: கருப்பொருள்களை அறிமுகம் செய்து வீட்டைவிட்டுப் பக்கத்து ஆதாரத்துக்குப் போய்ச் சேரும். அடுத்து விரிவாக்கம்: அந்தக் கருப்பொருள்கள் ஊர்விட்டு ஊர் அலையும். பிறகு மீள்வருகை: வீடு திரும்பி எல்லாவற்றையும் சொந்த ஆதாரத்தில் மறுபடி வாசிக்கும். கடைசியில் கோடா என்கிற முத்தாய்ப்பு, சிலசமயம் சில கட்டங்கள் மட்டும். பொதுவாக முன்வைப்பும் மீள்வருகையும் இரு கரைகள். விரிவாக்கம் நடுவில் ஓடும் சிற்றாறு. எரோய்காவின் முதல் பகுதியில் முன்வைப்பு ஏறத்தாழ 150 கட்டங்கள், விரிவாக்கம் 245, மீள்வருகை 160, கோடா 135. ஆறு கரைகளைவிட அகலமாகிவிட்டது. வெறும் வாலாக இருந்த கோடா, முன்வைப்புக்குக் கிட்டத்தட்ட ஈடாக வளர்ந்து நிற்கிறது.

இந்தக் கணக்குக்கான காரணம் முதல் ஏழு கட்டங்களில் இருக்கிறது. முழு இசைக்குழுவும் இரண்டு முறை ஓங்கி அறைகிறது: இ ஃபிளாட் மேஜர், இன்னொரு முறை இ ஃபிளாட் மேஜர். கதவு திறந்துவிட்டது. மூன்றாம் கட்டத்தில் செல்லோக்கள் கருப்பொருளைத் தொடங்குகின்றன. எளிமையிலும் எளிமையான பாட்டு அது. ஆதார சுரத்தையும் அதன் துணைச் சுரங்களையும் மேலும் கீழுமாகத் தொட்டுப் போவது, எக்காளக்காரன் ஊதிப் பழகுவதைப் போல. பன்னிரண்டு வயது மோட்சார்ட் ஒரு சின்ன ஓபராவின் முகப்பில் இதே சுர வரிசையை எழுதியிருக்கிறார். அங்கே அது சமர்த்தாகத் தொடங்கிச் சமர்த்தாக முடிந்துவிடுகிறது. பீத்தோவனின் செல்லோக்கள் அப்படி முடிப்பதில்லை. ஏழாம் கட்டத்தில் அவை வழுக்கி, அந்த மேஜருக்கு உரிமையில்லாத சி ஷார்ப் என்ற சுரத்தில் இறங்கி நிற்கின்றன. மேலே வயலின்கள் தாளத்துக்கு ஒத்துவராமல், அடிக்கு நடுவே துடிக்கின்றன. அடுத்த கணம் அந்தச் சி ஷார்ப் மேலே ஏறிச் சமாளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. கேட்பவர் சட்டென்று மறந்தும் போகலாம். ஆனால் அறிமுக வாக்கியத்தையே முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை என்ற குறை அங்கே விழுந்துவிட்டது. இந்த இசையமைப்பாளர் குறையை மறக்கவில்லை. அந்த வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்லி முடிக்கும் இடம் எங்கே என்று தேடித்தான் இந்தப் பகுதி 691 கட்டங்கள் நடக்கிறது. சிம்பொனி வடிவத்தைப் பீத்தோவன் விரித்த முறை இதுதான் என்பது என் வாதம்: புதிதாக அறைகள் கட்டிச் சேர்க்கவில்லை, முடிய வேண்டிய இடத்தில் முடியவிடாமல், அந்தக் கடனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அர்த்தமும் அந்த நடையில்தான் இருக்கிறது, தலைப்பில் இல்லை.

விரிவாக்கத்தின் நடுவில் நடப்பதைப் பாருங்கள். மூன்று மூன்றாக எண்ண வேண்டிய தாளத்தை இரண்டிரண்டாக வெட்டி முழு இசைக்குழுவும் அறையத் தொடங்குகிறது. அறை ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கரடு. உச்சத்தில் இ, எஃப் என்ற இரண்டு பக்கத்துச் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கத்துகின்றன. அந்தக் காலத்துக் காதுக்கு அது இசையின் எல்லை. அதற்குமேல் எங்கும் போக வழியில்லை. அப்போது ஓசை வடிந்து, வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவில், இ மைனரில், ஓபோக்கள் இதுவரை கேட்டிராத ஒரு மெட்டைத் துயரத்தோடு எடுக்கின்றன. விரிவாக்கத்தில் புதிய மெட்டைத் தொடங்குவது விதியை மீறுவது என்று அக்காலத்து இலக்கண அறிவு சொல்லும். மோட்சார்ட் அதை அங்கங்கே செய்திருக்கிறார், உண்மை. ஆனால் அவரிடம் அது வழியில் கண்ட பூ. இங்கே அது, எல்லாம் உடைந்தபின் உடைசல்களுக்கு நடுவே கேட்கும் மனிதக் குரல். ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு இந்த இடமே பதில். முப்பது கட்டங்கள் அடித்து நொறுக்கிய பிறகுதான் அந்த மெட்டுக்கு அந்தப் பொருள் வருகிறது. நொறுக்கலைக் குறைத்திருந்தால் அது வெறும் அழகான மெட்டாக நின்றிருக்கும்.

அடுத்து வரும் இடம் இன்னும் புகழ்பெற்றது. வீடு திரும்பும் நேரம் நெருங்குகிறது. இசை அடங்கி அடங்கி, வயலின்களின் மெல்லிய நடுக்கமாக மட்டும் மிஞ்சுகிறது. அந்த நடுக்கம் இன்னும் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கும் சுரக்கூட்டு. அப்போது இரண்டாம் ஹார்ன் பொறுக்கமாட்டாமல், கருப்பொருளின் முதல் நான்கு சுரங்களை வீட்டு ஆதாரத்தில் ஊதிவிடுகிறது. வாசலில் நிற்பவனும் உள்ளே உட்கார்ந்தவனும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறார்கள், இரண்டும் மோதுகின்றன. ஒத்திகையில் அருகில் நின்றிருந்த மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ், ஹார்ன்காரர் எண்ணிக்கை தவறி முந்திவிட்டார் என்று நினைத்து அவரைத் திட்டிவிட்டாராம். பீத்தோவன் கிட்டத்தட்டக் கன்னத்தில் அறைந்திருப்பார் என்றும், நெடுநாள் மன்னிக்கவில்லை என்றும் ரீஸே பின்னாளில் எழுதிவைத்தார். ரீஸைக் குறைசொல்ல முடியாது. இசையமைப்பாளர் பெர்லியோஸ் போன்ற பீத்தோவன் பக்தரே இந்த இடத்தை நியாயப்படுத்த வழி தெரியாமல் தடுமாறினார். பிழையென்று எண்ணி வயலின் சுரத்தைத் திருத்தி வாசிக்கவைத்த நடத்துநர்களும் உண்டு. பிழை இல்லை என்பதற்கு ஆவணமே இருக்கிறது. பீத்தோவன் இந்தச் சிம்பொனிக்காகக் குறிப்பெழுதிய ஏடு பெர்லினில் இருந்தது. நோட்டெபோம் என்ற அறிஞர் அதைப் படித்து 1880இல் விரிவாக எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காணாமற்போய், இப்போது போலந்தின் கிராகோவ் நகரிலுள்ள நூலகம் ஒன்றில் இருக்கிறது. முன்வைப்பைப் பீத்தோவன் மீண்டும் மீண்டும் அடித்தெழுதியிருக்கும் அந்த ஏட்டில், ஹார்ன் முந்திவரும் எண்ணம் தொடக்கத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள சுவர்களை இடித்து இடித்துக் கட்டினார். இந்தக் கல்லை மட்டும் விடாமல் வைத்திருந்தார். வீடு திரும்புதல் என்பது அதுவரை சிம்பொனியில் ஒரு சடங்கு. தவிப்பு அதற்குள் புகுந்தது இங்கேதான்.

மீள்வருகையில் செல்லோக்கள் மறுபடி அதே கருப்பொருளைத் தொடங்கி அதே சி ஷார்ப்பில் வந்து நிற்கின்றன. பியானோவில் பார்த்தால் சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் ஒரே கறுப்புக் கட்டைதான். மேலே ஏறப்போனால் முந்தைய பெயர், கீழே இறங்கப்போனால் பிந்தைய பெயர். முதல் தடவை மேலே ஏறித் தப்பித்த சுரம் இந்தத் தடவை கீழே இறங்குகிறது. ஒரு சுரத்தின் திசைமாற்றம், அவ்வளவே. ஆனால் அதனால் எதிர்பாராத எஃப் மேஜர் திறந்து, முன்பு இரண்டாம் ஹார்ன் அவசரப்பட்டு ஊதியதை இப்போது முதல் ஹார்ன் நிதானமாக ஊத ஓர் இடம் கிடைக்கிறது. அடுத்து அந்தக் கறுப்புக் கட்டையையே, டி ஃபிளாட்டையே, ஆதாரமாக வைத்துப் புல்லாங்குழல் பாடுகிறது. ஏழாம் கட்டத்தின் குறை நானூறு கட்டங்கள் கழித்து இப்படிப் பொருள் பெறுகிறது. அப்போதும் வாக்கியம் முடியவில்லை. கோடாவில், 691இல் ஏறத்தாழ 630 கட்டங்கள் ஓடிய பிறகுதான், ஹார்ன் அந்தக் கருப்பொருளை வழுக்காமல், குலையாமல், எட்டுக் கட்டங்கள் முழுதாகச் சொல்கிறது. வயலின்கள் அதை வாங்குகின்றன, அடித்தள வில்வாத்தியங்கள் வாங்குகின்றன, டிரம்பெட்கள் வாங்குகின்றன. நான்கு சுற்று. மற்றவர்கள் சிம்பொனியைத் தொடங்கும் விதத்தில் இவர் முடிக்கிறார். கோடா ஏன் இவ்வளவு நீண்டது என்று கேட்டால், அங்கேதான் கருப்பொருள் முதன்முதலாகக் கருப்பொருளாகிறது என்பேன்.

இது பின்னாளையவர்கள் சொல்லும் விளக்கம், 1805இல் கேட்டவர்களுக்கு அது வெறும் நீளமாகத்தானே பட்டது என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. 1805 ஏப்ரல் 7 அன்று தியேட்டர் அன் டெர் வீனில் பொதுமக்கள் முன் முதன்முறையாக வாசித்தபோது, கூட்டம் மூன்று கட்சியாகப் பிரிந்தது என்று அக்காலப் பத்திரிகை ஒன்று எழுதியது. நண்பர்கள் இதுவே தலைசிறந்த படைப்பு என்றார்கள். இன்னொரு சாரார், புதுமைக்காக வலிந்து செய்த வேலை என்றார்கள். மூன்றாமவர்கள், அழகு நிறைய இருக்கிறது, ஆனால் இழை அறுந்து அறுந்து போகிறது, நீளம் தாங்கவில்லை என்றார்கள். நிறுத்தினால் இன்னொரு காசு தருகிறேன் என்று மேல்மாடத்திலிருந்து யாரோ கத்தியதாகப் பீத்தோவனின் மாணவர் செர்னி சொன்னது இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நான் அந்த மூன்றாம் கட்சிக்காரர்களை மதிக்கிறேன். அவர்கள் காது சரியாகவே கேட்டது. இழை அறுகிறது என்பது உண்மை. அறுந்த இழை எங்கே மீண்டும் பிணைகிறது என்று காத்திருக்கும் பழக்கம்தான் அவர்களுக்கு இன்னும் இல்லை. கச்சேரியின் தொடக்கத்தில் பாதி, முடிவில் பாதி என்று சிம்பொனியைக் கேட்டுப் பழகிய காது, ஏழாம் கட்டத்தில் விழுந்த ஒரு சுரத்தை நானூறாம் கட்டம்வரை எப்படி நினைவில் வைத்திருக்கும்? பீத்தோவனுக்கே இந்தத் தயக்கம் இருந்திருக்கிறது. முன்வைப்பை இருமுறை வாசித்தால் நீளம் மிகுந்துவிடும் என்று முதலில் நினைத்தாராம். சிலமுறை வாசிக்கக் கேட்ட பிறகு, திரும்ப வாசிக்காவிட்டால்தான் கெடுதல் என்று முடிவுசெய்ததாக அவருடைய தம்பி பதிப்பாளருக்கு எழுதினார். வெறும் பருமனுக்கு ஆசைப்பட்டவர் செய்யும் காரியமல்ல இது. கேட்பவர் நினைவில் கருப்பொருள் பதிய வேண்டும், பதிந்தால்தான் அதன் குறை உறுத்தும் என்று கணக்குப் பார்த்தவர் செய்தது.

இரண்டாம் பகுதி சாவு ஊர்வலம். இதற்கு முன்மாதிரிகள் உண்டு; வானத்திலிருந்து விழவில்லை. புரட்சிக்காலப் பாரிஸில் இசையமைப்பாளர் கோசெக் எழுதிய துயர நடை 1791இல் புரட்சித் தலைவர் மிராபோவின் இறுதி ஊர்வலத்தில் ஒலித்தது. பீத்தோவனே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பியானோ சொனாட்டாவில் வீரனொருவனின் மரணத்துக்கு நடையிசை எழுதியிருந்தார். தெருவில் நடந்துபோக எழுதிய இசையைச் சிம்பொனியின் நடுவில் வைத்ததுதான் புதிது. வயலின்கள் அடிக்குரலில் தொடங்க, அடியில் கான்ட்ராபாஸ்கள் சின்னச் சின்ன உருட்டல் போடுகின்றன. துணி சுற்றிய முரசின் ஒலி, முரசைத் தொடாமலே. நடுவில் சி மேஜரில் வெளிச்சம் வருகிறது, போகிறது. குரல்மேல் குரலாகப் புரளும் ஃபியூக் எழும்பி அடங்குகிறது. கடைசிப் பக்கத்தில் நடப்பதைத்தான் நான் இன்னும் அருகில் நின்று காட்ட விரும்புகிறேன். தொடக்கத்தில் வந்த அதே மெட்டை வயலின்கள் எடுக்கின்றன. இரண்டு சுரம், ஓர் இடைவெளி. ஒரு சுரம், இடைவெளி. சுரங்கள் வரிசைப்படிதான் வருகின்றன, ஆனால் நடுநடுவே மௌனம் புகுந்து மெட்டைப் பிய்த்துப்போடுகிறது. சாவு வீட்டில் பேச வாயெடுத்தவர் தொண்டை அடைத்து, ஒரு சொல் சொல்லி நிறுத்தி, அடுத்த சொல்லைத் தேடுவாரே, அப்படி. இங்கே வடிவத்தின் விரிவும் பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. முதல் பகுதியில் முடியாமல் இழுத்துக்கொண்டு வந்த மெட்டு கோடாவில் முழுமையடைந்தது. இங்கே முழுமையாகத் தொடங்கிய மெட்டு கோடாவில் சிதறுகிறது.

வீரன் இறந்துவிட்டான் என்றால் அதற்கப்புறம் இரண்டு பகுதி எதற்கு? மூன்றாம் பகுதியாகத் துள்ளும் ஸ்கெர்ட்ஸோ எதற்கு? இந்தக் கேள்வியை இருநூறாண்டுகளாகக் கேட்கிறார்கள். கிரேக்கக் காவியத்தில் மாவீரர்களின் சாவுக்குப்பின் வீரர்கள் விளையாட்டுப் போட்டி நடத்துவதைப்போல என்றார் பெர்லியோஸ். அழகான விடை, ஆனால் இசைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. ஸ்கெர்ட்ஸோ முரசறைந்து தொடங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ தொண்ணூறு கட்டங்கள் வில்வாத்தியங்கள் ரகசியம்போல முணுமுணுத்துக்கொண்டே ஓடுகின்றன. அதன் பிறகுதான் முழுக் குழுவும் வெடிக்கிறது. நடுவில் அந்த மூன்று ஹார்ன்களும் தனியாக எழுந்து, ஆதார சுரத்தின் கூட்டையே வேட்டை முழக்கமாக ஊதுகின்றன. கூடுதலாகச் சேர்த்த அந்த ஒரே ஹார்ன் எதற்கு என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது.

நான்காம் பகுதிதான் உண்மையான சிக்கல். அதன் மெட்டு நடனத்துக்கு எழுதியது. 1801இல் பூர்க் அரங்கில் பீத்தோவனின் இசைக்கு வீகானோ ஆடவைத்த ‘பிரமிதியுஸின் படைப்புகள்’ என்ற பாலேயின் இறுதியில் வருவது. சாவு ஊர்வலம் நடத்தியவர் கடைசியில் பழைய நடன மெட்டை எடுத்து ஒப்பேற்றிவிட்டார் என்று குறைசொன்னவர்கள் உண்டு. ஆவணங்கள் இதைத் தலைகீழாகக் காட்டுகின்றன. இந்த மெட்டை வைத்து 1802இல் அவர் பியானோவுக்கு மாறுபாடுகள் எழுதினார். அந்த ஆண்டின் குறிப்பேடு மாஸ்கோவில் இருக்கிறது. அதில் அந்தப் பியானோப் படைப்புக்கான வேலைக்கு அடுத்து, இ ஃபிளாட்டில் ஒரு சிம்பொனிக்கான முதல் யோசனைகள் வருகின்றன. முந்தைய பகுதிகளுக்குக் குறிப்புகள் இருக்கின்றன, இறுதிப் பகுதிக்கு இல்லை. அதை எழுதிப் பார்க்கத் தேவைப்படவில்லை, ஏற்கெனவே கையில் இருந்தது என்று அமெரிக்க அறிஞர் லூயிஸ் லாக்வுட் வாதிட்டார். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. அப்படியென்றால் கடைசிப் பகுதி ஒட்டுப்போட்டதல்ல. முடிவு முதலில் பிறந்தது. அதைச் சென்றடையும் பாதையாகத்தான் முதல் மூன்று பகுதிகள் கட்டப்பட்டன. மோட்சார்ட்டின் கச்சேரியில் வழியனுப்பும் வேலை பார்த்த நான்காம் பகுதி இங்கே புறப்பாட்டுக்கே காரணமாகிவிட்டது.

மெட்டைக் கொண்டுவரும் விதத்தில் பாலேயின் கதையும் ஒளிந்திருக்கிறது. பிரமிதியுஸ் களிமண்ணில் ஓர் ஆணையும் பெண்ணையும் செய்து உயிரூட்டுவதே அந்தக் கதை. சிம்பொனியில் முதலில் மெட்டு வருவதில்லை. அதன் அடித்தளச் சுரங்கள் மட்டும் வருகின்றன, வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டி, ஒவ்வொன்றாக, எலும்புக்கூடுபோல. அந்த எலும்பின்மேல் ஒரு குரல், இரண்டு குரல், மூன்று குரல் என்று சதை வளர்கிறது. எழுபத்தைந்து கட்டங்கள் கழித்துத்தான் மெட்டு உயிர்பெற்று நடக்கத் தொடங்குகிறது. பியானோப் படைப்பு அச்சாகும்போது, இந்த மெட்டு பிரமிதியுஸ் பாலேயிலிருந்து எடுத்தது என்று முகப்பில் குறிப்பிட வேண்டும் என்று பீத்தோவன் பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். யாருக்கும் தெரியாமல் பழைய சரக்கை விற்பவர் இப்படிக் கேட்கமாட்டார். சாவு ஊர்வலத்தின் முடிவில் மெட்டு துண்டு துண்டாக உதிர்ந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தொடக்கத்தைக் கேட்க வேண்டும். அங்கே உதிர்ந்தது, இங்கே துண்டு துண்டாகச் சேர்கிறது.

இனி நெப்போலியன். பொருள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அங்கே போய்விடுகிறார்கள். கதை தெரிந்ததுதான்: பீத்தோவன் சிம்பொனிக்குப் போனபார்ட் என்று பெயரிட்டிருந்தார்; 1804 மே மாதம் நெப்போலியன் தன்னைப் பேரரசராக அறிவித்த செய்தியை ரீஸ் கொண்டுவந்ததும், இவரும் சாதாரண மனிதர்தானா என்று சீறி முகப்புத்தாளைக் கிழித்தெறிந்தார். வியன்னாவில் பாதுகாக்கப்படும் ஒரு பிரதியின் முகப்பில் அந்தப் பெயரைச் சுரண்டிய இடத்தில் தாள் ஓட்டையாகியிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் கோபத்தின் வேகத்தை மறக்கமாட்டார்கள். ஆனால் அதே பிரதியில் கீழே, போனபார்ட்டைக் குறித்து எழுதியது என்று பென்சிலில் இருக்கிறது. அந்த ஆகஸ்டிலும், தலைப்பு உண்மையில் போனபார்ட்தான் என்று பதிப்பாளருக்கு எழுதுகிறார். அதற்கும் முன், 1803இல், லோப்கோவிட்ஸ் இளவரசர் அரையாண்டு உரிமைக்கு 400 குல்டன் தரத் தயாராக இருப்பதால், அர்ப்பணம் அவருக்கு, பெயர் மட்டும் போனபார்ட் என்று ஓர் ஏற்பாடு பேசப்பட்டதை ரீஸின் கடிதம் காட்டுகிறது. பாரிஸுக்குக் குடிபெயரும் எண்ணமும் அப்போது அவருக்கு இருந்தது. கொள்கை, கோபம், பணம், பிழைப்பு எல்லாம் கலந்த நிலைமை. 1806இல் அச்சானபோது பெயர் போய், ஒரு மாமனிதரின் நினைவைப் போற்ற எழுதியது என்று மட்டும் நின்றது. பெயர் வந்தது, சுரண்டப்பட்டது, திரும்ப வந்தது, கடைசியில் போனது. இத்தனைக்கும் நடுவே, அந்தப் பெயர் போனதற்காக இசையில் எதுவும் மாற்றி எழுதப்படவில்லை. ஏழாம் கட்டத்துச் சி ஷார்ப் எந்தப் பேரரசருக்கும் கட்டுப்பட்டதல்ல.

இதைச் சொன்னவுடன் எதிர்த் தரப்பு தன் வாதத்தை நீட்டும். அப்படியானால் இசைக்குப் பொருளே இல்லை. ஒலிகள் அசையும் வடிவங்கள்தான் அதன் உள்ளடக்கம் என்று 1854இல் இசை விமர்சகர் ஹான்ஸ்லிக் சொன்னது சரிதானே? பாதி சரி. இசை எந்த மனிதரின் பெயரையும் சொல்வதில்லை. காது கேளாமல் போய்க்கொண்டிருந்த ஒருவர் 1802இல் ஹைலிகென்ஷ்டாட்டில் தம்பிகளுக்கு எழுதிவைத்த துயரக் கடிதத்தின் இசைவடிவம் இது என்று படிப்பதும் எனக்கு அவசரமாகத்தான் படுகிறது. ஆனால் அசைவு என்று ஒப்புக்கொண்ட பின், எப்படி அசைகிறது என்பதைப் பார்க்காமல் போக முடியாது. தொடங்கிய வாக்கியத்தை முடிக்க முடியாமல் போவது, உடைந்த இடத்தில் புதுக்குரல் எழுவது, வாசலில் நின்று பொறுக்காமல் கூப்பிட்டுவிடுவது, பேச்சு துண்டாகிப்போவது, எலும்பிலிருந்து உயிராவது: இவை ஒலியின் அசைவுகளும்தான், மனிதர் வாழ்வில் நடப்பவையும்தான். இரண்டுக்கும் பொதுவானது காலத்தில் நிகழும் வடிவம். எட்டு நிமிடத்தில் முடியும் பகுதியில் இவ்வளவையும் நிகழ்த்த நேரம் கிடையாது. விரிவு இல்லாமல் இந்தப் பொருள் பிறந்திருக்காது. இந்தப் பொருள் இல்லாமல் விரிவு வெறும் பருமனாக இருந்திருக்கும். பின்னால் வந்த பலர் அவரிடமிருந்து பருமனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

இந்தப் பொருள் நெப்போலியனைத் தாண்டி நடமாடியதற்குச் சாட்சிகள் உண்டு. 1963 நவம்பர் 22 பிற்பகல் பாஸ்டனில் இசைக்குழுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது அதிபர் கென்னடி கொல்லப்பட்ட செய்தி வந்தது. நடத்துநர் எரிக் லைன்ஸ்டார்ஃப் மேடையிலேயே அதை அறிவித்து, நிகழ்ச்சியில் இல்லாத எரோய்காவின் சாவு நடையை வாசிக்கவைத்தார். பகுதியைத் தனியே எடுத்து வாசித்தாலும் பொருள் தருகிறதே, முழு வடிவத்தில்தான் பொருள் என்ற வாதம் என்னாயிற்று என்று கேட்கலாம். தனியே எடுத்தால் அது துக்கம். சிம்பொனிக்குள் இருக்கும்போது, முன்னால் ஒரு போராட்டத்தையும் பின்னால் ஓர் உயிர்ப்பையும் வைத்துக்கொண்டிருக்கும் துக்கம். சுரங்கள் ஒன்றே, கனம் வேறு. ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இதை அறிந்தவர். 1945 ஏப்ரலில், தான் பணியாற்றிய ஓபரா அரங்குகள் குண்டுவீச்சில் இடிந்து கிடக்க, எண்பது வயதைத் தாண்டிய அவர் இருபத்து மூன்று வில்வாத்தியங்களுக்கு ‘மெட்டமார்ஃபோசன்’ எழுதி முடித்தார். அதன் மெட்டுகளில் ஒன்று எரோய்காவின் சாவு நடைக்குச் சொந்தம் என்பது எழுதிக்கொண்டு போகும்போதுதான் தனக்கே தெரிந்தது என்றார். கடைசிச் சில கட்டங்களில் செல்லோக்களும் கான்ட்ராபாஸ்களும் பீத்தோவனின் மெட்டை அப்படியே எடுத்து வாசிக்கின்றன. அந்த இடத்தில் ‘நினைவாக’ என்று லத்தீனில் எழுதி வைத்தார். இசை சி மைனரில் இறங்கி அடங்குகிறது. ஸ்கெர்ட்ஸோ வருவதில்லை. சுண்டிச் சுண்டித் தொடங்கும் அந்த நடன மெட்டும் வருவதில்லை.